புதுச்சேரியில் நல்ல சம்பள வேலை தேடுபவர்களுக்கு

கடற்கரைச் சாலையில் ஒரு சாயங்காலம் நடந்துவிட்டு, இங்கேயே குடிவந்துவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. வாருங்கள், ஆனால் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள். எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. துணி மில் 2020-ல் மூடிவிட்டது. கண்ணில் படுகிற வேலைகள் பெரும்பாலும் ஓட்டல், கஃபே, விடுதி.

அங்கே போனால் முதலில் கேட்க வேண்டியது, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, வார விடுமுறை எந்த நாள் என்பது. என் தம்பி ஒரு விடுதியில் வரவேற்பு மேசை வேலைக்குப் போனான். சம்பளம் கேட்டதற்கு, "சனி ஞாயிறில் டிப்ஸ் வரும்பா" என்றார்கள். எழுதித் தாருங்கள் என்றதும் பேச்சு நின்றுவிட்டது, அவனும் எழுந்து வந்துவிட்டான். சரியாகத்தான் செய்தான்.

நிலையான சம்பளம் வேண்டுமென்றால் ஜிப்மர் மருத்துவமனை, காலாப்பட்டுப் பல்கலைக்கழகம் இரண்டின் இணையதளத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள், இரண்டும் மத்திய அரசுடையவை. அப்புறம் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், திருபுவனை தொழிற்பேட்டைகள். எல்லா வேலையும் விளம்பரத்தில் வராது, அதனால் காலையிலேயே பயோடேட்டாவோடு கேட்டில் போய் விசாரியுங்கள்.

பிரெஞ்சு தெரிந்தால் நல்லது, ஆனால் தொடக்க நிலைச் சான்றிதழை நம்பி வராதீர்கள், மொழிபெயர்ப்புக்கு அது போதாது. எனக்குத் தெரிந்து நிம்மதியாக இருப்பவர்கள் சென்னை, பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர்கள்தான். அப்படியானால் அந்த அனுமதியை மெயிலில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.