பிளாஸ்டிக் தொட்டியும் குழாயும்: ஒட்டுவதை விட்டுச் சுற்றிக் கட்டுங்கள்

உப்பிய தொட்டியையோ தொய்ந்த குழாயையோ கண்டதும் பெரும்பாலோரின் கை பசை டப்பாவைத்தான் தேடுகிறது. தொட்டி, குழாய் வேலையே தொழிலாக இருக்கும் என்னிடம் கேட்டால், பசையைக் கடைசியாக எடுங்கள் என்பேன். உள்ளே இருக்கும் நீர் சுவரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெளியே தள்ளுகிறது. அதைத் தாங்க வேண்டுமானால், சுவரை முழு வட்டமாகச் சுற்றிவந்து தன் முனையைத் தானே பிடித்துக்கொள்ளும் ஒரு பட்டை வேண்டும், அல்லது ரெசினில் (பூசியபின் கெட்டியாக இறுகும் பிசின்) நனைத்த கண்ணாடி இழைத் துணி வேண்டும். ஓரிடத்தில் வைத்த ஒட்டு அந்த இடத்தை மட்டும் விறைப்பாக்கிவிடும். அடுத்த விரிசல் அந்த ஒட்டின் விளிம்பில்தான் விழும்.

வேலையைத் தொடங்குமுன் தொட்டியைக் காலி செய்யுங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் எடை. உப்பிய தொட்டி நிறைந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து யாரும் வேலை செய்யக் கூடாது; இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அடுத்து, சுவர் ஏன் கெட்டது என்று பாருங்கள். தொட்டியின் அடி முழுவதும் சமதளத்தில் உட்காராமல் ஒரு விளிம்பு வெளியே தொங்கினால், அந்தப் பக்கச் சுவர்தான் முதலில் பிதுங்கும். அதற்குப் பட்டை கட்டிப் பயனில்லை, மேடையைச் சரிசெய்ய வேண்டும். சுவர் உள்ளே குழிந்திருந்தால் கதையே வேறு: தண்ணீர் வேகமாக வெளியேறும்போது மேலிருந்து காற்று நுழைய வழியில்லாமல் தொட்டி சுருங்கியிருக்கிறது. வெளிப்பக்கப் பட்டை அதைத் தடுக்காது. காற்றுக் குழாயின் அடைப்பை நீக்குங்கள், தேவையானால் பெரிதாக்குங்கள். வெளியேறும் குழாய் பொருந்தும் இடத்தில் மட்டும் விரிசல் என்றால், குழாயின் எடை சுவரில் தொங்குகிறது என்று பொருள். குழாய்க்குக் கீழே தாங்கி வைத்து, தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே வளையும் இணைப்பு ஒன்று போடுங்கள். நான் பார்க்கும் தொட்டிகளில் பல இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சரிசெய்ததுமே தேறிவிடுகின்றன.

பிளாஸ்டிக்கின் ஆயுள் முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். வெயில் படும் பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல் தூள் ஒட்டி, மயிரிழை விரிசல்கள் வலைபோல் படர்ந்திருந்தால், அந்தச் சுவர் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அதைப் பலப்படுத்த முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள். அமிலம், குளோரின் கரைசல், எரிபொருள் வைத்த தொட்டிகளுக்கும் இதே பதில்தான்.

எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து சிறு துண்டைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். எரித்துப் பார்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. பி.வி.சி. எரிந்தால் அமிலப் புகை வரும், அது வேண்டாம். மிதப்பதில் பசையோ ரெசினோ சரியாக ஒட்டாது. மூழ்கும் பி.வி.சி.யில் நன்றாகத் தேய்த்தால் எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் ஒரு ரெசின்) பிடிக்கும். பெரும்பாலான தண்ணீர்த் தொட்டிகள் பாலிஎத்திலீன் என்பதால், தொட்டிக்குப் பட்டை, பி.வி.சி. குழாய்க்குத் துணி என்று பிரித்துக்கொள்கிறேன்.

முதலில் தொட்டி. அளவு நாடாவைச் சுவரைச் சுற்றிப் பிடித்து, அடியிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் ஒவ்வொரு உயரத்திலும் சுற்றளவைக் குறித்து வையுங்கள். வேலை முடிந்து நீர் நிரப்பிய பிறகு இந்த எண்கள்தான் சாட்சி.

பட்டை எவ்வளவு தாங்க வேண்டும் என்பது எளிய கணக்கு. நீர்மட்டத்திலிருந்து அந்தப் பட்டை இருக்கும் ஆழத்தையும், தொட்டியின் ஆரத்தையும், அந்தப் பட்டை பார்த்துக்கொள்ளும் சுவரின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து மூன்றையும் பெருக்கி, 1000-ஆல் பெருக்குங்கள். வரும் விடைதான் பட்டையை இழுக்கும் விசை, கிலோ கணக்கில். உதாரணமாக 1.2 மீட்டர் விட்டம், 1.5 மீட்டர் நீர் ஆழம் உள்ள தொட்டியில், அடியிலிருந்து முதல் 25 சென்டிமீட்டரைப் பார்த்துக்கொள்ளும் பட்டைக்குச் சராசரி ஆழம் 1.375 மீட்டர், ஆரம் 0.6, உயரம் 0.25. பெருக்கினால் ஏறக்குறைய 206 கிலோ. மேலே போகப் போக இது குறையும். அதனால் பட்டைகளைக் கீழே நெருக்கமாகவும் மேலே அதிக இடைவெளி விட்டும் வையுங்கள். அடித்தளத்தை ஒட்டிய சில அங்குலத்தைத் தொட்டியின் அடிப்பாகமே பிடித்துக்கொள்வதால், பிதுக்கம் அதற்குச் சற்று மேலேதான் அதிகம் தெரியும். முதல் பட்டைக்கு உரிய இடம் அது.

30 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிப்பு உள்ள துருப்பிடிக்காத எஃகுப் பட்டை இந்த அளவுத் தொட்டிக்குத் தாராளம். பட்டையின் இரு முனைகளையும் வெளிப்புறம் மடித்து, போல்ட்டால் இழுக்கும்படி அமைக்க வேண்டும். பட்டைக்கும் சுவருக்கும் இடையே அதைவிட அகலமான ரப்பர் பட்டை கட்டாயம் வேண்டும். எஃகின் விளிம்பு பிளாஸ்டிக்கில் பதிந்தால் அங்கிருந்தே வெட்டத் தொடங்கும். சுவரில் வரிப்பள்ளங்கள் இருந்தால் பட்டையைப் பள்ளத்தில் இருத்துங்கள், வழுக்காது. வழவழப்பான சுவர் என்றால் நான்கு பக்கமும் செங்குத்தாகச் சட்டம் நிறுத்தி, பட்டைகளை அதில் மாட்டிவிடலாம். எஃகுக்குப் பதில் நார்ப் பட்டை போடுவதானால் பாலியெஸ்டரைத் தேர்ந்தெடுங்கள். நைலான் ஈரம் குடித்துத் தளர்ந்துவிடும்.

எப்போது இறுக்குகிறோம் என்பது எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைவிட முக்கியம். நிறைந்த தொட்டியில் கட்டிய பட்டை வெறும் அலங்காரம். சுவர் ஏற்கெனவே விரிந்து முழுச் சுமையையும் சுமந்துகொண்டிருக்கும். தொட்டி வட்டமாக நிற்கக் கால் பங்கு நீர் மட்டும் வைத்து, பட்டை சுவரைத் தழுவும் அளவுக்கு இறுக்குங்கள். நீர் ஏற ஏறப் பட்டை தானாகச் சுமையை வாங்கிக்கொள்ளும்.

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாலிஎத்திலீன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை நீளும், எஃகு அதன் வகையைப் பொறுத்து 0.01 முதல் 0.017 மில்லிமீட்டர் வரைதான். மேலே சொன்ன தொட்டியின் சுற்றளவு 3.77 மீட்டர். காலைக்கும் நண்பகலுக்கும் 20 டிகிரி வேறுபாடு என்றால் பிளாஸ்டிக் 11 மில்லிமீட்டருக்கு மேல் விரியப் பார்க்கும், எஃகு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாகவே விரியும். அதனால் குளிர்ந்த காலை நேரத்தில் கட்டுங்கள், போல்ட்டின் நட்டுக்கு அடியில் பலமான சுருள்வில் ஒன்று போடுங்கள். அழுத்தத்தில் பிளாஸ்டிக் மெல்ல இளகுவதும் உண்டு. ஒரு வாரம் கழித்து நட்டுகளை மறுபடி பாருங்கள்.

சதுரத் தொட்டிக்கு இந்த முறை பொருந்தாது. தட்டைச் சுவர் நடுவில் வளையும். சுற்றிய பட்டை மூலையை மட்டும்தான் அழுத்தும். 1000 லிட்டர் ரசாயனக் கொள்கலன்களைப் பார்த்திருப்பீர்கள்: மெல்லிய பிளாஸ்டிக் உட்கூடு, சுற்றிலும் இரும்புக் கூண்டு. அதே வழிதான். ஒவ்வொரு பக்கத்திலும் விறைப்பான இரும்புச் சட்டங்கள் வைத்து, மூலைகளில் ஒன்றோடொன்று போல்ட்டால் பூட்டுங்கள்.

பாலிஎத்திலீன் மேல் கண்ணாடி இழைத் துணியும் ரெசினும் போட்டே தீருவேன் என்பவர்கள், மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, நீலச் சுடரை வேகமாக ஒரு முறை ஓட்டி, உடனே ரெசின் பூச வேண்டும். சுடர் பட்ட இடத்தில் தண்ணீர் துளியாக உருளாமல் படலமாகப் பரவினால் பரப்பு தயார். அப்போதும் துணி தொட்டியை முழுதாகச் சுற்றி, தன் மேலேயே ஏறி முடிய வேண்டும். பிடிப்பு விட்டுப்போனாலும் வளையம் நிற்கும் அல்லவா! உட்புறத்தில் மட்டும் எதையும் பூசாதீர்கள். அது குடிக்கும் தண்ணீர்.

இனி பி.வி.சி. குழாய். முதலில் அழுத்தத்தை இறக்கி, குழாயை முழுதாக உலர்த்துங்கள். பழுதின் இருபுறமும் குழாய் விட்டத்தின் இரு மடங்கு நீளத்துக்கு 80 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோன் பி.வி.சி.யை இளக்கும், தவிர்த்துவிடுங்கள். விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் சிறு துளை போட்டு நிறுத்தி, கெட்டியான எபாக்சியால் நிரப்புங்கள். பிறகு எபாக்சியை மெல்லப் பூசி, 50 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி இழை நாடாவைப் பாதிக்குப் பாதி மேல்விழும்படி இழுத்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் காற்றுக் குமிழை விரலால் வெளியே தள்ளி, நாடா கண்ணாடிபோல் தெளியும்வரை நனைக்க வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே ரெசின் போதவில்லை. போய்வரும் சுற்றாக நான்கு அடுக்காவது இருக்கட்டும். எபாக்சி முழுதாக இறுகும்வரை, குறைந்தது ஒரு நாள், அழுத்தம் கொடுக்காதீர்கள். வெயில் படும் இடமானால் மேலே வண்ணம் பூசுங்கள்.

குழாய் தொய்வது பலவீனத்தால் மட்டுமல்ல, சூட்டாலும்தான். 23 டிகிரியில் பி.வி.சி. தாங்கும் அழுத்தத்தில் 38 டிகிரியில் 62 சதவீதமே மிஞ்சும்; 60 டிகிரியில் 22 சதவீதம். வெயிலில் கிடக்கும் குழாய்க்கு நாடாவைவிட நிழலும் நெருக்கமான தாங்கிகளும் அதிகம் உதவும். மண்ணுக்குள் கிடக்கும் குழாய்க்கு, இருபக்கமும் மணல் போட்டுக் கெட்டித்த படுகையே பலம். பக்கவாட்டு மண் தளர்ந்தால் மேல்சுமை குழாயை நசுக்கிவிடும். வண்டி கடக்கும் இடத்தில் மட்டும் பெரிய விட்டக் குழாய் ஒன்றுக்குள் அதை நுழைத்துவிடுங்கள்.

கடைசியாக நிரப்புதல். தொட்டியைப் பாதி நிரப்பி சில மணி நேரம் விட்டு, ஒவ்வொரு பட்டையையும் கையால் தட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி ஒலிக்காத பட்டையை அரைச் சுற்று சரிசெய்யுங்கள். பிறகு முழுதாக நிரப்பி, குறித்து வைத்த உயரங்களில் சுற்றளவை மறுபடி எடுங்கள். மறுநாளும் ஒரு வாரம் கழித்தும், அதே காலை நேரத்தில், அதே நீர்மட்டத்தில் அளக்க வேண்டும். எந்த உயரத்தில் எண் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதோ, அங்கே இன்னொரு பட்டை வேண்டும்.