விட்டுப்போன வாசிப்பை மீட்பது எப்படி: ஒரு நோட்டும் நாளுக்குப் பத்துப் பக்கமும்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, முதலியார்பேட்டையில் எங்கள் தெரு முழுவதும் இருட்டாக இருந்தது. கைப்பேசியில் சார்ஜும் தீர்ந்துவிட்டது. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு, கல்லூரி நாட்களில் ஒரே இரவில் படித்து முடித்த ஒரு நாவலை அலமாரியிலிருந்து எடுத்தேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஒவ்வொரு பத்தி முடிவதற்குள்ளும் கை தானாகவே போய், அணைந்து கிடந்த கைப்பேசியைத் தடவியது. "என்னடா, ரொம்ப நேரமா அதே பக்கத்தையே பாத்துக்கிட்டு இருக்க?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஓராண்டு முயன்று வாசிப்பை ஓரளவு மீட்டுக்கொண்டேன். முன்பு படித்துக்கொண்டிருந்து இப்போது விட்டுவிட்டவர்களுக்காக, அந்த முயற்சியைச் செய்முறையாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: இப்போதைய வேகத்தை அளப்பது

பழைய வேகத்தை நினைத்துக்கொண்டு தொடங்கினால் இரண்டே நாளில் சோர்ந்துவிடுவோம். ஆகவே மூன்று நாட்கள், நாளுக்கு 20 நிமிடம், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் படியுங்கள். எத்தனை பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் நாள் 7 பக்கம், மூன்றாம் நாள் 11 பக்கம். அந்த அளவை ஒட்டி, நாளுக்குப் பத்துப் பக்கம் என்று இலக்கு வைத்துக்கொண்டேன். பொங்கல், தீபாவளி, கல்யாணம், காய்ச்சல் என்று 65 நாட்களைத் தள்ளிவிட்டாலும் 300 நாட்களுக்கு 3,000 பக்கம் ஆகிறது. 200 பக்கப் புத்தகமாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 15 புத்தகம். ஆண்டுக்கு நூறு புத்தகம் என்று சபதம் செய்கிறவர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம்.

இரண்டாம் படி: சிறுகதையில் தொடங்குவது

புத்தகக் காட்சிக்குப் போய் ஐந்து பாகச் சரித்திர நாவலை மொத்தமாக வாங்கி வந்து அலமாரியில் அழகாக அடுக்குவதுதான் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு, நானும் செய்திருக்கிறேன். பழக்கம் விட்டுப்போனவருக்கு வேண்டியது, ஒன்றை முடித்தோம் என்ற நிறைவு. சிறுகதை அதை ஒரே அமர்வில் தந்துவிடும். இந்தப் பக்கத்து மண்ணிலேயே அதற்குக் குறைவில்லை: புதுமைப்பித்தன் 1906இல் திருப்பாதிரிப்புலியூரிலும், ஜெயகாந்தன் 1934இல் கடலூரிலும் பிறந்தவர்கள். முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு ஒரு கதை என்று வைத்துக்கொண்டு, பிறகு 150 பக்கத்துக்குள் அடங்கும் குறுநாவலுக்குப் போகலாம்.

மூன்றாம் படி: இடத்தோடு கட்டிப்போடுவது

"நேரம் கிடைக்கும்போது படிப்பேன்" என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. என் வேலை கடலூர் மஞ்சக்குப்பத்தில். புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். அரியாங்குப்பம் தாண்டியதும் புத்தகத்தைப் பிரிப்பது, எல்லையில் முள்ளோடை வந்ததும் மூடிவிடுவது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். பேருந்தில் ஓடும் சினிமாப் பாட்டு முதல் வாரம் இடைஞ்சலாக இருந்தது, பிறகு காதில் விழுவது நின்றுபோனது. மாலையில் திரும்பும்போது நிற்கவே இடம் இருக்காது என்பதால் அந்தப் பயணத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பேருந்தில் படித்தால் தலைசுற்றும் என்பவர்கள், காலைக் காப்பிக்குப் பிறகு வீட்டில் ஒரே நாற்காலியில் தினமும் உட்கார்ந்து பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். நனைந்து உப்பிய புத்தகம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

நான்காம் படி: வாங்குவதைக் குறைத்து நூலகத்துக்குப் போவது

சொந்தப் புத்தகம் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் காத்திருக்கும், அதுவே அதன் குறை. நூலகப் புத்தகத்தில் திருப்பித் தர வேண்டிய தேதி இருக்கிறது. புதுச்சேரியில் பாரதி பூங்காவுக்கு அருகே உள்ள ரோமன் ரோலண்ட் நூலகம் பிரெஞ்சு ஆட்சியில் 1827இல் தொடங்கப்பட்டது; அங்கே ஒரு மணி நேரம் அடுக்குகளுக்கிடையே சும்மா நடந்தாலே, இணையத்தில் யாரும் பரிந்துரைக்காத நான்கைந்து பெயர்கள் கண்ணில் படும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. ஆகவே எது எங்கே இருக்கிறது என்று நூலகரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற மின்னூலகங்களில் ஏராளமான தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் ஆறு மாதம் அவற்றைக் கைப்பேசியில் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறோமோ அதையே கையில் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியாது.

ஐந்தாம் படி: நோட்டு

இந்தச் செய்முறையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். 80 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு புத்தகத்துக்கு ஒரு பக்கம். மேலே பெயர், தொடங்கிய தேதி. கீழே நிறுத்திய தேதி, நிறுத்திய பக்க எண், ஏன் நிறுத்தினேன் என்பதற்கு ஒரு வாக்கியம். முடித்த புத்தகத்துக்கும் இதே விதிதான். அங்கே நிறுத்திய பக்கம் கடைசிப் பக்கமாக இருக்கும், அவ்வளவே. நட்சத்திரம், மதிப்பெண் எதுவும் வேண்டாம்.

குறிப்பு விமர்சனம் போல இருக்க வேண்டும் என்ற நினைப்பால்தான் பலரும் ஒரே வாரத்தில் நோட்டை மூடிவிடுகிறார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இதே புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரைச் சந்தித்தார்கள், என்ன பேசினார்கள் என்று கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்ததுதான் இன்று வரலாறாக இருக்கிறது. நம்முடைய நோட்டுக்கும் அந்தக் கணக்குப்பிள்ளைத் தமிழே போதும். என் நோட்டிலிருந்து ஒன்று: "மார்ச் 9. பக்கம் 64. கதை நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்து பொடியாக இருக்கிறது, கண் வலிக்கிறது."

ஆறாம் படி: ஆண்டு முடிவில் திரும்பிப் பார்ப்பது

மார்கழியில், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். முடித்தவற்றின் எண்ணிக்கையை ஒருமுறை கூட்டிப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, பாதியில் விட்டவற்றுக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் நம்முடைய வாசிப்பைப் பற்றி முடித்த புத்தகங்கள் சொல்லாததை அவைதான் சொல்கின்றன.

எனக்கு முடித்தவை 17, விட்டவை 9. விட்டவற்றை, எழுதி வைத்திருந்த காரணப்படி பிரித்தேன். நான்கு புத்தகங்கள் மற்றவர்கள் புகழ்ந்தார்கள் என்பதற்காக எடுத்தவை. நான்கிலும் "பெரிய புத்தகம் என்கிறார்கள்" என்ற தொனியில் ஏதோ ஒரு மன்னிப்பு எழுதியிருந்தேன். இரண்டுக்கு எழுதியிருந்த காரணம் இப்போது படித்தால் எனக்கே விளங்கவில்லை. மீதி மூன்றிலும் மார்ச் 9ஆம் தேதியின் அதே புகார், வெவ்வேறு சொற்களில் இருந்தது.

மூன்றையும் அடுத்தடுத்துப் படித்த பிறகுதான் கண் மருத்துவரிடம் போனேன். வெள்ளெழுத்து என்றார். 43 வயதில் வருவது வழக்கம்தானாம். புயல் இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்றாம் பக்கத்தில் நின்றதற்கு முழுப் பழியையும் கைப்பேசி மீது போட்டிருந்தேன். அதில் ஒரு பங்கு கண்ணாடி இல்லாதது என்று இப்போது தோன்றுகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள் இந்தச் செய்முறையின் முதல் படிக்கு முன்பே கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது.

ஏழாம் படி: விட்டதிலிருந்து தொடங்குவது

புதிய ஆண்டின் முதல் புத்தகத்தை அந்த விட்டவை பட்டியலிலிருந்தே எடுங்கள். மற்றவர்கள் புகழ்ச்சிக்காக எடுத்தவற்றை மனச்சாட்சி உறுத்தாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். புத்தகத்தின் குறையால் அல்லாமல் நம்முடைய சூழ்நிலையால் நின்றவை ஒன்றிரண்டு இருக்கும், அவைதான் வேண்டும். முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்காதீர்கள். நோட்டில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டு, நிறுத்திய பக்கத்துக்கு ஐந்து பக்கம் முன்னால் போய்த் தொடங்கினால், கதை தானாகவே நினைவுக்கு வந்துவிடும். நான் ஜனவரி 2ஆம் தேதி காலைப் பேருந்தில், புதுக் கண்ணாடியோடு, 59ஆம் பக்கத்தைப் பிரித்தேன். அன்று முள்ளோடை வந்ததைக் கவனிக்கவில்லை. புத்தகத்தை மூடும்போது பேருந்து மஞ்சக்குப்பத்தில் நின்றுகொண்டிருந்தது.