லிஃப்ட், கார், ஏசி ரூம்: மூடின எடத்துக்கு சென்ட் போட்டுட்டு போறது எப்படி

சென்ட் போடுறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதனால போடாதீங்கன்னு சொல்ல வரல. ஜன்னல் திறக்க முடியாத எடம் இருக்கு பாருங்க, லிஃப்ட், கார், ஏசி மீட்டிங் ரூம், ஃப்ளைட், தியேட்டர், கிளினிக்ல காத்திருக்கற ரூம், அங்கல்லாம் போறப்போ எவ்வளவு போடணும், எப்போ போடணும், எங்க போடவே கூடாதுன்னு மட்டும் சொல்றேன். திறந்த வெளியில ஒருத்தருக்கு நம்ம வாசனை பிடிக்கலன்னா நாலு அடி தள்ளி நின்னுக்குவாங்க, முடிஞ்சு போச்சு. மூடின எடத்துல அவங்களுக்குத் தள்ளிப் போக வழி இல்ல, நாம வெளிய போற வரைக்கும் அந்தக் காத்தத்தான் இழுத்து விட்டாகணும்.

முதல் வேலை, உங்க மூக்க நம்புறத நிறுத்துங்க. ஒரே வாசனை தொடர்ந்து வந்துக்கிட்டே இருந்தா மூக்குல இருக்கற நரம்பும் சரி மூளையும் சரி அத கணக்குலேர்ந்து தள்ளிடும், கொஞ்ச நிமிஷத்துலயே நமக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா புதுசா கதவத் திறந்துட்டு வர்றவருக்கு குப்புன்னு அடிக்கும். மாசக்கணக்கா ஒரே பாட்டில் யூஸ் பண்றவங்களுக்கு இது இன்னும் மோசம், "இப்பல்லாம் இதுல வாசனையே நிக்கறதில்ல"ன்னு சொல்லி ரெண்டு தடவை அடிச்சது நாலாகி, நாலு ஆறாகிடும், பாட்டில்ல ஒரு குறையும் இருக்காது. இன்னொண்ணும் இருக்கு. சென்ட்ல போடுற சில மஸ்க் வகைகள், அதாவது கஸ்தூரி மாதிரி மணக்கற பொருள்கள், சில பேரோட மூக்குக்கு சுத்தமா தெரியவே தெரியாது, பொறவியிலயே அப்படி. அந்த மாதிரி மஸ்க் நிறைய இருக்கற பாட்டில் உங்களுக்கு லேசா தெரிஞ்சா பக்கத்து சீட்காரருக்கும் லேசாத்தான் இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

அதனால அளவ இன்னொருத்தர் மூக்க வச்சுத்தான் முடிவு பண்ணணும். நீங்க வழக்கமா போடுற மாதிரி போட்டுக்கிட்டு, அரை மணி நேரம் கழிச்சு ஒரு சின்ன ரூம்ல கதவ சாத்திட்டு பத்து நிமிஷம் உக்காருங்க. வீட்ல யாரையாவது, முகத்துக்கு நேரா உண்மைய சொல்றவங்களா பாத்து, வெளியேர்ந்து வரச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கதவத் திறந்ததுமே வாசனை வந்துச்சா, இல்ல கிட்ட வந்தப்புறம்தான் வந்துச்சா? கதவுகிட்டயே வந்துச்சுன்னா அந்த அளவு மூடின எடத்துக்கு ஜாஸ்தி. கை நீட்டினா தொடுற தூரத்துக்குள்ள வந்தாத்தான் தெரியணும், அதுக்கு வெளிய தெரியக் கூடாது, இதுதான் நான் வச்சுக்கிட்டிருக்கற அளவுகோல். "நல்லா இருக்கா"ன்னு மட்டும் கேக்காதீங்க, எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க.

எத்தன தடவை அடிக்கலாம்ங்கறதுக்கு பாட்டில் மேல எழுதியிருக்கறதப் பாருங்க. ஓ டி கொலோன்னா வாசனை எண்ணெய் சுமாரா 2லேர்ந்து 4 சதவீதம், ஓ டி டாய்லெட் 5லேர்ந்து 15, ஓ டி பெர்ஃப்யூம் 15லேர்ந்து 20, எக்ஸ்ட்ரெய்ட்ன்னு போட்டிருந்தா 20க்கு மேல, பாக்கி பெரும்பாலும் ஆல்கஹால். கம்பெனிக்கு கம்பெனி இது மாறும், அதனால வழிகாட்டியா மட்டும் எடுத்துக்கோங்க. ஏசி ஆபீஸ்ல நாள் முழுக்க உக்காரப் போறீங்கன்னா ஓ டி டாய்லெட் ரெண்டு தடவை, ஓ டி பெர்ஃப்யூம் ஒரே தடவை, அது போதும். ஆல்கஹால் இல்லாத அத்தர் தோலோட ஒட்டியே இருக்கும், அவ்வளவா பரவாது, ஆனா சீக்கிரத்துல போகவும் போகாது, அதனால குச்சியால ஒரு பொட்டு தொட்டு வச்சா சரி. எல்லா பாட்டிலோட மூடியும் ஒரே மாதிரி பீச்சாதுங்கறதையும் கவனிங்க. ஒரு டிஷ்யூ பேப்பர்ல ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, சில பாட்டில்ல ஒரு காசு அகலத்துக்கு லேசா நனையும், சிலதுல உள்ளங்கை அகலத்துக்கு நனைஞ்சு சொட்டும். சொட்டுற பாட்டில்ல ஒரு தடவைங்கறது இன்னொண்ணுல மூணு தடவைக்கு சமம்.

எங்க போடுறோம்ங்கறது அளவு மாதிரியே முக்கியம். கழுத்துதான் எல்லாரும் போடுற எடம், ஆனா லிஃப்ட்ல நெருக்கி நிக்கறப்போ, பக்கத்து பக்கத்து சீட்ல உக்காரறப்போ அது நேரா அடுத்தவர் மூக்குக்கு எதிர்ல இருக்கும். சட்டைக்கு உள்ள, நெஞ்சு மேல ஒரு தடவை அடிச்சா துணி கொஞ்சம் தடுத்துக்கும், உடம்பு சூட்டுக்கு மெதுவா வரும், நமக்கும் குனியறப்போ ஒரு சந்தோஷம் கிடைக்கும். மணிக்கட்டுல போட்டா கை குலுக்கறவங்க கையிலயும் பொதுவான கீபோர்டுலயும் ஒட்டிக்கும், அதனால ஆபீஸ் நாள்ல நான் அத விட்டுடுவேன். தலைமுடி, துப்பட்டா, ஸ்வெட்டர், கோட்டு இதுலல்லாம் அடிக்கறத யோசிச்சு செய்யுங்க, தோல்ல போட்டது சாயங்காலத்துக்குள்ள அடங்கிடும், துணியில போட்டது நாள் கணக்கா நிக்கும், அதுவும் கம்பளித் துணின்னா கேக்கவே வேண்டாம். ஜாஸ்தியாயிடுச்சுன்னா தோல கழுவலாம், போட்டிருக்கற கோட்ட எப்படிக் கழுவுவீங்க.

நேரம். கெளம்புறதுக்கு முன்னாடி அரை மணியாவது இருக்கணும். அடிச்ச உடனே ஆல்கஹால் நெடியும், சீக்கிரம் ஆவியாகற எலுமிச்சை ஆரஞ்சு வகையறா மணமும்தான் முன்னாடி பாயும், அந்த முதல் கால் மணி நேரம்தான் எந்த சென்ட்டுக்கும் ரொம்ப முரட்டுத்தனமான நேரம், அப்புறம் அதுவா அடங்கி நடு மணத்துக்கு வரும். அந்தக் கால் மணி நேரத்த வீட்ல கழிச்சுடுங்க. செருப்ப மாட்டிக்கிட்டே வாசல்ல நின்னு அடிச்சுட்டு நேரா லிஃப்ட்ல ஏறுறவங்க அந்த முரட்டு நேரத்தத்தான் மத்தவங்களுக்குக் குடுக்கறாங்க, அவங்க கீழ எறங்கிப் போன பிறகும் அடுத்து ஏறுறவருக்கு அது அங்கயே காத்துக்கிட்டு இருக்கும். கார்லயோ ட்ரெயின் சீட்லயோ ஆபீஸ் பாத்ரூம்லயோ பாட்டில எடுக்கவே எடுக்காதீங்க. சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து நேரா ஏதோ விசேஷத்துக்குப் போகணும்னா அஞ்சு மில்லி சின்ன பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டுப் போங்க, கட்டிடத்த விட்டு வெளிய வந்து, ஆள் இல்லாத பக்கமா நின்னு போட்டுக்கோங்க.

நிறைய பேரு மறக்கறது மொத்தக் கணக்க. ஷாம்பூ, சோப்பு, டியோ, பாடி லோஷன், ஆஃப்டர்ஷேவ், துணி தொவைக்கறப்போ போடுற கண்டிஷனர், இது ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி வாசனை, அதுக்கு மேல சென்ட். ரெண்டு தடவைதானே அடிச்சேன்னு நினைப்பீங்க, ஆனா அஞ்சாறு வாசனையா சேந்து போயிருப்பீங்க. சென்ட் போடுற நாள்ல மத்ததெல்லாம் வாசனை இல்லாததா வச்சுக்கோங்க, சென்ட்டோட அசல் மணமும் அப்போதான் தெளிவா வரும். வாங்கறப்போ ஃப்ரேக்ரன்ஸ் ஃப்ரீன்னு போட்டிருக்கான்னு பாருங்க, வெறும் அன்சென்டட்ன்னு போட்டிருக்கறதுல மூலப்பொருளோட வாடைய மறைக்க லேசா வாசனை சேத்திருக்க வாய்ப்பு இருக்கு.

வேர்வை வாடைக்கு மேல சென்ட் அடிக்கறது மட்டும் வேணவே வேணாம், ரெண்டும் கலந்து மூணாவதா ஒண்ணு வரும். குளிச்சு, தொவைச்ச சட்டை போட்டுக்கிட்டு, அப்புறம் சென்ட். வெயில் காலத்துல உடம்பு சூட்டுக்கு அது வேகமா ஆவியாகி பரவும், அதனால அளவ பாதியாக்கிடுங்க.

லேசான எலுமிச்சை வாசனைதானே, இயற்கையானதுதானே, யாரையும் ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்றவங்கள நிறைய பாத்திருக்கேன், அது சரியில்ல. எலுமிச்சை, ஆரஞ்சு, லாவண்டர் எண்ணெய்ல எல்லாம் இயற்கையாவே இருக்கற லிமோனீன், லினலூல் மாதிரி பொருள் காத்து பட்டுப் பட்டு மாறி தோல் அலர்ஜிய உண்டாக்கும். ஐரோப்பிய யூனியன்ல 2005லேர்ந்து 26 வாசனைப் பொருள்கள, குறிப்பிட்ட அளவுக்கு மேல இருந்தா, லேபிள்ல பேர் போட்டே சொல்லணும்னு விதி இருக்கு, 2023ல அந்தப் பட்டியல 80க்கு மேல நீட்டிட்டாங்க, அதுல செடியிலேர்ந்து எடுக்கற எண்ணெய்களும் இருக்கு. அதனால பாட்டில் மேல இருக்கற பூப்படத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ரூம்ல பரவறத வச்சு சொன்னா ஊதுங்கற அகில் கட்டை மணம், கெட்டியான வனிலா, அம்பர், நிலசம்பங்கி வகையறா ராத்திரி திறந்த வெளிக்குத்தான் அழகு, ஏசி ரூமுக்கு மெல்லிசான சோப்பு மணம், டீ மணம், லேசான மர மணம் பரவாயில்ல.

இவ்வளவு கவனம் எதுக்குன்னு தோணும். எங்க டீம்ல ஒரு அக்காவுக்கு மைக்ரேன் இருக்கு, மீட்டிங் ரூம்ல எப்பவும் கதவுக்குப் பக்கத்து சேரத்தான் பிடிப்பாங்க. யாராவது கெட்டியா சென்ட் போட்டுட்டு வந்தா அவங்க வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, முதல்ல ஒரு கண்ணு மட்டும் சுருங்கும், அப்புறம் பேனாவ கீழ வச்சுட்டு நெத்திப் பொட்ட கட்டை விரலால அழுத்திப் பிடிச்சுக்குவாங்க, பத்து நிமிஷத்துல தண்ணி பாட்டில எடுத்துட்டு வெளிய போயிடுவாங்க, அன்னைக்கு பாதி நாள் வேலை அவங்களுக்குப் போச்சு. இது சகிப்புத்தன்மை இல்லாததுனால வர்றது இல்ல, மைக்ரேன் இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு வாசனையே வலிய கிளப்பி விடும். ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு நெஞ்ச அடைச்சு வீசிங் வரும், மாசமா இருக்கறவங்களுக்கும் கீமோ எடுத்துக்கறவங்களுக்கும் குமட்டும். அமெரிக்காவுல நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2009ல தன்னோட கட்டிடங்களுக்குள்ள வாசனைப் பொருள் யூஸ் பண்றதுக்கு கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. டெட்ராய்ட் நகர நிர்வாகம், கூட வேலை பாக்கறவர் வாசனையால மூச்சு முட்டுதுன்னு ஒரு ஊழியர் போட்ட கேஸ்ல, 2010ல 1,00,000 டாலர் குடுத்து சமரசத்துக்கு வந்துச்சு. அந்த அளவுக்கு இது வேலை செய்யற எடத்துப் பிரச்சனைதான்.

அதனால சில எடத்துக்கு அளவே கிடையாது, பூஜ்யம்தான். ஆஸ்பத்திரி, நோயாளி இருக்கற வீடு, பச்சக் குழந்தையப் பாக்கப் போறது, பரீட்சை ஹால், ஜிம், யோகா கிளாஸ், ருசி பாக்கற வேலை நடக்கற எடம். ரொம்ப தூரம் போற ஃப்ளைட்டையும் இதுலயே சேக்கறேன். கேபின் காத்து ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறும்ங்கறது உண்மைதான், ஆனா அங்க இருக்கற ஹெப்பா ஃபில்டர் தூசியையும் கிருமியையும் பிடிக்குமே தவிர ஆவியா வர்ற வாசனைய பிடிக்காது, தோளோட தோள் ஒட்டி உக்காந்திருக்கவருக்கு ஃபில்டர் என்ன பண்ணும். டூட்டி ஃப்ரீ கடையில அஞ்சாறு டெஸ்டர கையில அடிச்சுப் பாத்துட்டு அப்படியே ஏறுறதையும் விட்டுடுங்க, பேப்பர் பட்டையில அடிச்சு முகர்ந்து பாத்துட்டு அத அங்கயே போட்டுட்டு வாங்க.

கார்ல ஒரு விஷயம். ஏசிய உள்காத்து சுத்தற மோட்ல வச்சா வாசனை வெளியவே போகாது, வெளிக்காத்து வர்ற மாதிரி மாத்தி வச்சுக்கோங்க. வாந்தி வர்ற ஆளு யாராவது கூட வந்தா சென்ட்டும் வேணாம், டேஷ்போர்டுல தொங்குற ஃப்ரெஷ்னரும் வேணாம். டாக்சியில ஃப்ரெஷ்னர் நெடி தாங்கலன்னா "அண்ணா, எனக்கு வாசனை கொஞ்சம் ஒத்துக்காது, ஜன்னல பாதி எறக்கிக்கறேன்"னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

ஜாஸ்தியா போட்டுட்டோம்னு தெரிஞ்சா, வாசனை இல்லாத ஆல்கஹால் வைப்ஸ் இருந்தா அதால தொடச்சுட்டு, அப்புறம் சோப்பு போட்டு கழுவுங்க. வெறும் தண்ணி பத்தாது, எண்ணெய் ஆச்சே. சட்டையில பட்டிருந்தா சட்டைய மாத்தறதுதான் வழி.

அடுத்தவர்கிட்ட சொல்றதுதான் இதுல கஷ்டமான வேலை. தனியா கூப்ட்டு சொல்லுங்க, குரூப்ல போடாதீங்க, நாலு பேர் முன்னாடி மூக்கப் பொத்திக் காட்டாதீங்க, பேர் போடாம ஆபீஸ் முழுக்க மெயில் அனுப்பறதும் வேணாம், அது யாருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அவங்க வாசனையப் பத்தி பேசாம உங்க உடம்பப் பத்தி பேசுங்க: "எனக்கு அடைச்ச ரூம்ல எந்த சென்ட்டா இருந்தாலும் தலைவலி வந்துடுதுங்க, நாம சேந்து உக்காரற நாள்ல மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்க முடியுமா?" அவங்க உங்களுக்கு மேலதிகாரியா இருந்து நேரா சொல்ல முடியலன்னா ஹெச்ஆர்கிட்ட பொதுவான விதியா கேக்கலாம்.

உங்ககிட்ட ஒருத்தர் வந்து சொன்னா "எனக்கு ஒண்ணுமே தெரியலையே"ன்னு ஆரம்பிக்காதீங்க, உங்களுக்குத் தெரியாதுன்னுதான் அவங்க வந்து சொல்றாங்க. அந்த பாட்டில் மட்டும் ஒத்துக்கலையா, இல்ல எல்லா சென்ட்டும் அப்படியான்னு கேளுங்க, ஏன்னா முதலாவதுன்னா பாட்டில மாத்தினா போதும், ரெண்டாவதுன்னா அவங்க கூட இருக்கற நாள்ல போடாம இருக்கணும். மாத்தின பிறகு ஒரு வாரம் விட்டு நீங்களே போய் இப்போ பரவாயில்லையான்னு கேட்டுடுங்க, இன்னொரு தடவை வந்து சொல்ல அவங்களுக்கு கூச்சமா இருக்கும்.