முன்னாள் எம்.பி. பாராளுமன்றத்தில் என்ன பேசினார்? ஹன்சாட்டில் தேடுவது எப்படி?

"ஐந்து வருசமும் வாயே திறக்கல்ல" என்பார் ஒருவர். "தோட்டத்துப் பிரச்சினைய அவர்தான்யா பேசினார்" என்பார் மற்றவர். இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரத் தேத்தண்ணிக் கடைகளில் தினமும் நடக்கும் இந்தச் சண்டையைத் தீர்க்க, கையிலிருக்கும் போனில் ஹன்சாட்டைத் திறந்தால் போதும். பாராளுமன்றத்தில் பேசியதையெல்லாம் பதிவுசெய்யும் அதிகாரபூர்வ அறிக்கைதான் ஹன்சாட்.

1. அவர் எந்தப் பாராளுமன்றத்தில் இருந்தார் என்று முதலில் பாருங்கள். ஒன்பதாவது என்றால் 2020 ஆகஸ்ட் முதல் 2024 செப்டம்பர் வரை.

2. பாராளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சாட் பகுதிக்குப் போங்கள். அமர்வு நடந்த திகதிவாரியாகக் கோப்புகள் இருக்கும். எல்லாவற்றையும் திறந்தால் வாழ்க்கை போய்விடும். வரவு செலவுத் திட்டத்தை அமைச்சுவாரியாக எடுத்துப் பேசும் குழுநிலை விவாதத்தில் பெருந்தோட்ட அமைச்சு எடுக்கப்பட்ட நாளில் தொடங்குங்கள். மலையக உறுப்பினர் பேசாமல் இருக்க முடியாத நாள் அது.

3. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தமிழில் பெயரைத் தட்டினால் பல கோப்புகளில் ஒன்றும் கிடைக்காது. பழைய எழுத்துரு காரணம். பேசுபவரின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்றிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அதனால் ஆங்கில எழுத்தில் தேடுங்கள். உரை மட்டும் அவர் பேசிய மொழியிலேயே இருக்கும். கிடைக்காவிட்டால் எழுத்துக்கூட்டலை மாற்றிப் பாருங்கள், நம் பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

4. உரையைக் கண்டதும் முழுதாக வாசியுங்கள். "(இடையீடு)" என்று அடைப்புக்குள் வந்தால், யாரோ குறுக்கே பேசியிருக்கிறார்கள். சுவையான இடம் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான். திகதியையும் பத்தி (column) இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள், ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம்.

5. பேச்சோடு நிறுத்தாதீர்கள், வாக்கையும் பாருங்கள். எனக்கு இதுதான் முக்கியம். 2020 ஒக்டோபர் 22 அன்று அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் 156க்கு 65 என்று நிறைவேறியது. மேடையில் ஒன்று பேசி, கையை வேறு பக்கம் தூக்கியவர்கள் இப்படித்தான் பிடிபடுவார்கள்.

6. பழைய ஆட்களைத் தேடுகிறீர்களா? 1947இல் தலவாக்கலையில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளையை எடுங்கள். அடுத்த வருசமே மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்த 1948 ஆகஸ்ட் விவாதத்தில் மலையகத்துப் பிரதிநிதிகள் என்ன சொன்னார்கள் என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள். இந்தப் பழைய தொகுதிகள் இணையத்தில் கிடைக்காவிட்டால் நூலகப் படிகளைத் தேடுங்கள்.

இணையத்தில் இல்லாத தகவலுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பாராளுமன்றத்துக்கே விண்ணப்பிக்கலாம். ஆனால் "அவர் என்ன செய்தார்?" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். திகதியும் விடயமும் போட்டுக் கேளுங்கள்.