மாவட்டக் கபடிக் கழகத்திடம் கணக்குக் கேட்பது எப்படி?

காணும் பொங்கல் பந்தயம் முடிந்து மைக் செட்டுக்காரர் ஒயரைச் சுருட்டும் நேரத்தில் திடலோரம் ஆரம்பிக்கும் பேச்சு பண்ருட்டியிலும் பரங்கிப்பேட்டையிலும் ஒன்றுதான். "செலக்‌ஷன் நடந்ததே நமக்குத் தெரியாது." "எத்தனை வருஷமா அதே ஆளுங்க?" "கட்டின பணத்துக்கு ரசீது எங்க?" மறுநாள் அது வாட்ஸப்புக்குப் போகும், இரண்டு நாள் கொதிக்கும், அடங்கும். கழகத்துக்கு இதனால் ஒரு சேதாரமும் இல்லை. ஏனென்றால் ரசிகருக்கும் மாவட்டக் கழகத்துக்கும் சட்டப்படி எந்த உறவும் கிடையாது. பெரும்பாலான மாவட்டக் கழகங்களில் உறுப்பினர் என்பது ஆள் அல்ல, கிளப். ஓட்டு கிளப்பின் பிரதிநிதிக்குத்தான்.

ஆகவே வேலை இரண்டு வகை. காகிதம் எடுப்பது: இதை யாரும் செய்யலாம். கூட்டத்தில் கேட்பது: இதை உங்கள் ஊர் கிளப் வழியாகத்தான் செய்ய முடியும். காகிதம் கையில் இல்லாமல் கூட்டத்துக்குப் போனால் வெறும் சத்தம்தான் மிஞ்சும். கீழே சொல்வது கபடியை வைத்து. வாலிபால், கால்பந்து, தடகளக் கழகங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலில் ஆளைச் சரியாகப் பிடியுங்கள்

முதலமைச்சர் கோப்பையில் நடந்த குளறுபடிக்கு மாவட்டக் கழகத்தைத் திட்டிப் பயனில்லை. அதை நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். அந்தப் புகார் மாவட்ட விளையாட்டு அலுவலருக்குப் போக வேண்டும். ஊர்த் திருவிழாப் பந்தயத்தின் கணக்கு அந்த விழாக் குழுவின் பொறுப்பு. மாவட்டச் சாம்பியன்ஷிப், மாநிலப் போட்டிக்கு அனுப்பும் மாவட்ட அணித் தேர்வு, கிளப் இணைப்புக் கட்டணம், நடுவர் நியமனம் ஆகியவைதான் பொதுவாகக் கழகத்தின் கையில் இருப்பவை. புகார் மனுக்கள் வீணாவதற்கு முதல் காரணம் இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் கொட்டுவது. அதிகாரி தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரியைச் சுட்டிக்காட்டி மொத்தத்தையும் திருப்பிவிடுவார்.

எந்தச் சட்டம்?

கடலூர் மாவட்டத்துச் சங்கம் என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். புதுச்சேரிச் சங்கம் என்றால் பழைய 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். நம் பக்கத்தில் இது முக்கியம். பாகூர்ப் பையன் கடலூர்ப் பந்தயத்தில் ஆடுவான், கடலூர்ப் பையன் புதுச்சேரியில் கல்லூரி படிப்பான். கன்னியக்கோயில் தாண்டும்போது சாலை மாறுவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சட்டம் மாறிவிடும். எந்தக் கழகத்தின் மேல் புகார் என்பதைப் பொறுத்தே எல்லாம். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது இதில் பொருட்டில்லை.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் பிடிமானம் அதிகம். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது (மறுபடி தேர்வாவதற்குத் தடையில்லை, சங்க விதி தடுத்தால் ஒழிய). ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும். கணக்கும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். 1860 சட்டத்தின் மூல வாசகம் இதைவிட மெலிந்தது. அதன் 4ஆம் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறை நிர்வாகிகளின் பட்டியலைக் கொடுக்கச் சொல்கிறது; கணக்கைக் கொடுக்கச் சொல்லவில்லை. 19ஆம் பிரிவு, தாக்கலான ஆவணங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது. அதில் அச்சாகியிருக்கும் கட்டணம் ஒரு தடவைக்கு 1 ரூபாய்! எனவே புதுச்சேரியில் கணக்குக் கேட்க முதல் ஆதாரம் சங்கத்தின் சொந்த விதிப் புத்தகம்தான்.

பதிவாளரிடம் எடுக்க வேண்டியவை

கழகத்திடம் கேட்காதீர்கள். பதிவாளரிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் அது மாவட்டப் பதிவாளர் அலுவலகம். பதிவு எண்ணும் பதிவான ஆண்டும் கழகத்தின் லெட்டர்பேடிலோ பழைய சான்றிதழின் அடியிலோ இருக்கும். சான்றிட்ட நகல் கேட்க வேண்டியவை நான்கு: சங்க விதிகள் (திருத்தங்களோடு), கடைசி உறுப்பினர் பட்டியல், நிர்வாகக் குழு மாற்றத்துக்கான படிவம் 7, கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கு. "எல்லா ஆவணமும்" என்று எழுதாதீர்கள், மனு மேசையிலேயே தூங்கும்.

நகல் வந்ததும் விதிகளை முதலில் படியுங்கள். பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள்) எத்தனை, சிறப்புக் கூட்டம் கேட்க எத்தனை கிளப் கையெழுத்து, காசோலையில் யார் யார் கையெழுத்து: இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது படிவம் 7. அதில் தேர்தல் தேதி இருக்கும். அந்தத் தேதியில் கூட்டம் நடந்தது உங்கள் கிளப் உட்பட எவருக்கும் தெரியாது என்றால் சரக்கு அங்கேதான் இருக்கிறது. அழைப்புக் கடிதம் எந்தத் தபாலில் போனது என்ற ஒரே கேள்வி போதும்.

கணக்கில் பார்க்க வேண்டியது மொத்தத் தொகை அல்ல, தலைப்புகள். உதாரணத்துக்கு, மாவட்டச் சாம்பியன்ஷிப்பில் 40 அணி, அணிக்கு 500 ரூபாய் நுழைவுக் கட்டணம் என்றால் வரவில் 20,000 தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது ரொக்கமாக வாங்கி ரொக்கமாகவே செலவழிந்திருக்கலாம். திருட்டு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல கழகங்களில் நடுவர் படி, சாப்பாடு, பந்தல் எல்லாம் அங்கேயே கொடுத்து முடித்துவிடுவார்கள், எழுதும் பழக்கம் இல்லை. ஆனால் எழுதாத பணம் கேள்விக்கு உரியதுதான். "வங்கிக் கணக்கில் ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள், "எங்கே போனது?" என்று கேட்காதீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவதற்குக் கோபப்பட்டு எழுந்து போய்விடலாம்.

பேப்பர் கிளப்

உறுப்பினர் பட்டியலையும் கடைசி சாம்பியன்ஷிப்பின் ஃபிக்சரையும் (யாரோடு யார் ஆடுவது என்ற ஆட்டப் பட்டியல்) பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பட்டியலில் இருந்தும் மூன்று ஆண்டாக ஒரு பந்தயத்திலும் களமிறங்காத, தாளில் மட்டும் இருக்கும் பெயர்களை அடிக்கோடிடுங்கள். ஒரே முகவரியில் இரண்டு மூன்று கிளப் இருந்தால் அதற்கும் கோடு. ஓட்டு எங்கிருந்து வருகிறது என்பது அந்தக் கோடுகளில் தெரிந்துவிடும். மறுபக்கம், உங்கள் ஊர் அணி ஆண்டாண்டாகப் பணம் கட்டி ஆடியும் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். நுழைவுக் கட்டணம் வேறு, இணைப்புக் கட்டணம் வேறு என்பதே பலருக்குத் தெரியாது. முன்னது அந்தப் பந்தயத்துக்கு மட்டும்; பின்னதுதான் ஓட்டுரிமை. இணைப்புக் கட்டணத்தை வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள், கிளப்பின் பெயரைக் குறிப்பில் எழுதுங்கள். வாங்க மறுத்தால் விண்ணப்பத்தோடு வரைவோலையாக ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதோடு டெலிவரி விவரத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

தகவல் உரிமை மனு

"நாங்கள் தனியார் சங்கம், ஆர்டிஐ எங்களுக்குப் பொருந்தாது" என்ற பதில் பெரும்பாலும் சரிதான். அரசு பெருமளவு நிதி கொடுக்காத சங்கம் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பொது அதிகார அமைப்பு, அதாவது தகவல் கொடுக்கக் கடமைப்பட்ட அமைப்பு, ஆகாது. அதனால் அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதே சட்டத்தின் 2(எஃப்) பிரிவு, வேறொரு சட்டத்தின்படி ஒரு அரசு அலுவலகம் தனியார் அமைப்பிடமிருந்து பெறக்கூடிய தகவலையும் "தகவல்" என்றே சொல்கிறது. கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் இதை உறுதிசெய்தது: கூட்டுறவுச் சங்கம் தானாகப் பொது அதிகார அமைப்பு ஆகாது, ஆனால் பதிவாளர் சட்டப்படி பெறக்கூடியதைக் கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு மனு பதிவாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, இன்னொன்று விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கு.

தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். கேள்வி இப்படி இருக்கட்டும்: "குறிப்பிட்ட சங்கம் கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்த நிதியாண்டு எது? அதன் நகல் தருக. தாக்கல் செய்யாத ஆண்டுகளுக்கு அனுப்பிய அறிவிப்பின் நகல் தருக." ஆணையத்துக்கு: "மாவட்டப் போட்டிக்காக இச்சங்கத்துக்கு வழங்கிய நிதி, அரங்கு, தளவாடங்களின் பட்டியல் தருக." "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வேண்டாம், ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள், விளக்கம் தர மாட்டார்கள். நிர்வாகிகளின் கைபேசி எண், வீட்டு முகவரியும் வேண்டாம். தனிநபர் தகவல் என்று மறுக்க அதுவே சாக்காகிவிடும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் இரண்டாவது. தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் அது மாநிலத் தகவல் ஆணையத்துக்கு, புதுச்சேரி அலுவலகம் என்றால் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு.

தேர்வு நடக்கும் முன்

அணித் தேர்வில் அநியாயம் நடந்தபின் எழுதும் மனுவுக்கு மதிப்புக் குறைவு. பையன் வெளியே போனதால் பேசுகிறார்கள் என்றுதான் படும். தேர்வுக்குப் பத்து நாள் முன்பே கிளப்பின் லெட்டர்பேடில் கேளுங்கள்: தேர்வுக் குழுவில் யார், எந்த வயதுச் சான்று, எடை எத்தனை மணிக்கு, பன்னிரண்டு பேர் பட்டியலும் காத்திருப்போர் பட்டியலும் எங்கே ஒட்டப்படும்? பதில் வராது. பரவாயில்லை, கேட்டதற்குச் சான்று இருக்கும்.

எடைதான் அதிகம் சண்டை இழுப்பது. ஊர் மளிகைக் கடை மெஷினில் 54.8 காட்டியவன் அங்கே 55.3 காட்டுவான், 55 கிலோ பிரிவில் வெளியே. முந்தின நாளே வேறு மெஷினில் எடை பார்த்து அரைக் கிலோ கையிருப்போடு அனுப்புங்கள். தகராறு வந்தால் மெஷினின் திரையையும் பையனையும் ஒரே படத்தில் எடுங்கள். அங்கேயே மறு எடை கேட்டு எழுதிக் கொடுங்கள். ஆட்டத்தில் என்றால் ஸ்கோர் ஷீட்டைக் கேப்டன் கையெழுத்திடும் முன் படம் எடுங்கள். புள்ளிக் கணக்கு அதில் இருக்கும். நம் அணி எத்தனை புள்ளி எடுத்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. கைபேசி வீடியோவை நடுவர் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றில் ஒரு பங்கு

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 36(1) பிரிவைத் திறவுகோல் எனலாம். பதிவாளர் தாமாகவோ, நிர்வாகக் குழுவின் பெரும்பான்மையோ உறுப்பினரில் மூன்றில் ஒரு பங்கினரோ விண்ணப்பித்தாலோ, மாவட்ட ஆட்சியர் கோரினாலோ சங்கத்தின் அமைப்பு, செயல்பாடு, நிதிநிலை பற்றி விசாரிக்கலாம். உறுப்பினர் கிளப் 48 என்றால் 16 கையெழுத்து. ஆனால் 20 வாங்குங்கள். நான்கு பேராவது பின்வாங்குவார்கள், தன் பையன் அடுத்த செலக்‌ஷனில் இருக்கிறான் என்ற பயம் நியாயமானதுதான். ஒவ்வொரு கிளப்பும் தன் தீர்மான நகலோடு, முத்திரையோடு, இணைப்புப் படிவத்தில் போட்ட அதே கையெழுத்தோடு தர வேண்டும். வாரக்கணக்கில் இழுத்தால் செய்தி கசியும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நெய்வேலி, விருத்தாசலம், சிதம்பரம், கடலூர் என்று நான்கு பேர் நான்கு வண்டியில் போய் முடித்துவிடுங்கள்.

அந்த எண்ணிக்கை கிடைக்காதவர்களுக்கு ஆட்சியர் வழி இருக்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கும்போது "நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொதுவாக முடிக்காதீர்கள். அது விளையாட்டு அலுவலருக்குப் போய், அவர் "இது தனியார் சங்கம்" என்று எழுதி முடித்துவிடுவார். "சட்டம் 27/1975, பிரிவு 36(1)இன்படி விசாரணை நடத்தப் பதிவாளரைக் கோருமாறு வேண்டுகிறோம்" என்று கடைசி வரி இருக்கட்டும். பதிவாளர் பேசாமல் இருந்தால், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். தேர்தலே செல்லாது என்பதுதான் புகார் என்றால் பதிவாளரால் அதைத் தீர்க்க முடியாது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத்தான். பெரிய இடத்தை அசைக்க முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில்தான் 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பின் தலைவர் தேர்தலை ரத்து செய்து நிர்வாகியை நியமித்தது.

இடையில் வாட்ஸப்பில் "பணத்தைத் தின்றுவிட்டார்" என்று எழுதாதீர்கள். அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை. "இந்த நிதியாண்டின் கணக்கு தாக்கலாகவில்லை" என்ற வரிக்கு நகல் கையில் இருந்தால் யாரும் வழக்குப் போட்டு ஜெயிப்பது கடினம். சொல்லப்போனால் அதுதான் அதிகம் வலிக்கும்.

கூட்டம் கூடிவிட்டால்

இத்தனைக்கும் பிறகு பொதுக்குழு கூட்டுவார்கள், அவசரமாக, பெரும்பாலும் ஒரு கல்யாண மண்டபத்தில், பிரியாணியோடு. வாசலில் ஒரு நோட்டு நீட்டப்படும், "வருகைக் கையெழுத்து" என்று. பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். மேலே "வருகைப் பதிவு", தேதி, இடம் எழுதாத வெற்றுத் தாள் என்றால், பிறகு அந்தக் கையெழுத்துகளுக்கு மேல் தீர்மானம் எழுதப்படலாம். தலைப்பை நீங்களே எழுதி, உங்கள் பெயருக்குக் கீழே கோடு கிழித்து, நேரம் போட்டுக் கையெழுத்திடுங்கள். கணக்கு வாசிக்கப்பட்டால் நகல் கேளுங்கள். கைதட்டலில் நிறைவேற்றப் பார்த்தால் எழுந்து, "எங்கள் கிளப்பின் மறுப்பைத் தீர்மானப் புத்தகத்தில் பதியவும்" என்று சொல்லி, முன்பே தட்டச்சு செய்து வைத்த கடிதத்தைத் தலைவர் கையில் கொடுத்து, இன்னொரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அன்று மாலையே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிடுங்கள், ஒரு நகல் பதிவாளருக்கும்.