டெர்மினல் பெட்டியில் வலது கோடு கோணாமல் நிற்க

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில், தமிழைச் சுற்றிப் பெட்டி போடும்போது, வலது கோட்டுக்கு முன்னால் இடைவெளிகளை எண்ணிச் சேர்க்காதீர்கள். இடது கோட்டையும் வாசகத்தையும் அச்சிட்டதும், கர்சரை நேராகப் பெட்டியின் வலது ஓரத்துக்கு, உதாரணத்துக்கு 40ஆவது கட்டத்துக்கு, அனுப்பி அங்கே │ போடுங்கள். அதற்கான கட்டளை: எஸ்கேப், [, 40, பெரிய எழுத்து ஜி (G), நடுவே இடைவெளி கூடாது. பைத்தானில் எஸ்கேப்பை \033 என்று எழுதலாம்.

எண்ணினால் ஏன் தவறுகிறது? ‘நன்றி’ என்பதில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. நீளத்தை எண்ணும் பைத்தானின் லென் (len) 5 என்கிறது, ஏனென்றால் புள்ளியையும் இகரக் குறியையும் (ி) அது தனித்தனியாக எண்ணுகிறது. டெர்மினலோ புள்ளிக்கு இடம் ஒதுக்காது. இகரக் குறிக்குச் சில டெர்மினல்கள் ஒரு கட்டம் தரும், சில தராது. ஆக ஒரே சொல் ஓரிடத்தில் மூன்று கட்டம், இன்னோரிடத்தில் நான்கு. கர்சரை நகர்த்தினால் இந்தக் கணக்கே வேண்டாம், டெர்மினலே சரியான கட்டத்தில் கோட்டை நிறுத்திவிடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கர்சர் தாண்டிப் போகும் இடத்தில் பழைய எழுத்து இருந்தால் அது அழியாது. அதே பெட்டியை மறுபடி வரைகிறீர்கள் என்றால், நகர்த்தும் முன் எஸ்கேப், [, பெரிய கே (K) அனுப்பி வரியின் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள்.

வெளியீடு கோப்புக்கோ, பைப் வழியாக வேறொரு நிரலுக்கோ போனால் இது உதவாது, இந்த எஸ்கேப் கட்டளைகள் அப்படியே குப்பையாக விழும். பெட்டியைவிட நீளமான வாசகத்தையும் முன்பே மடக்கித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் கோடு எழுத்தின் மேலேயே ஏறிவிடும்.