வீட்டு வி.பி.என்.: போர்ட் திறக்கும் முன் ஐபியைப் பாருங்கள்

தண்டையார்பேட்டை வீட்டில் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருளை (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரப் பாதுகாப்பான வழி) போட்டு, வெளியூரில் இருந்தாலும் வாசல் கேமராவையும் வீட்டுக் கணினியின் ஃபைல்களையும் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு ராத்திரி போனது. ரவுட்டரில் வெளி இணைப்பு உள்ளே வருவதற்கான 51820 யுடிபி போர்ட் திறந்தாயிற்று, இரு பக்கமும் ஒன்றையொன்று அடையாளம் காணும் சாவிகளும் சரி. ஆனால் இரு பக்கமும் கைகுலுக்கும் முதல் படியான ஹேண்ட்ஷேக் ஒருமுறைகூட வரவில்லை. மூன்றாம் நாள் ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தைத் திறந்தால் ஐபி முகவரி 100.72 என்று தொடங்கியது. கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வேறு எண்.

இந்த இரண்டும் வேறாக இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள், அதாவது பல வீடுகளுக்கு இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தரும் முறைக்குள், இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012-ல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. சிலருக்கு 10 என்றும் தொடங்கும். ராயபுரத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருவில் கதவு எண் ஒன்று, உள்ளே எட்டுக் குடித்தனம். வெறும் கதவு எண்ணோடு வரும் கடிதம் யாருக்கென்று தபால்காரருக்குத் தெரியாது. ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளின் பற்றாக்குறையால் இணைய நிறுவனங்கள் செய்வதும் இதுதான். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளி இணைப்பு நிறுவனத்தின் பக்கத்திலேயே நின்றுவிடும். கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்கலாம். இரண்டு பக்கமும் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதில் போகலாம். சாதாரண வீட்டுத் தேவைக்கு போர்ட் திறக்காமலே சாதனங்களை இணைக்கும் டெயில்ஸ்கேலே போதும் என்பேன்.

இன்னொன்று, போர்ட் சோதிக்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். பெரும்பாலும் அவை டிசிபி என்ற வேறு வகை இணைப்பைத்தான் தட்டிப் பார்க்கும். வயர்கார்டோ யுடிபி, தெரியாத சாவிக்குப் பதிலே சொல்லாது.

அடுத்தது பலரும் கவனிக்காதது. ஐபி சிக்கல் தீர்ந்த பிறகு பெரம்பூரில் அக்கா வீட்டு வைஃபையிலிருந்து இணைந்தேன். இணைப்பு வந்தது, கேமரா வரவில்லை. இரண்டு வீட்டிலும் 192.168.1 வரிசைதான். என் போன் கேமராவை அக்கா வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தது. முதல் நாளே உங்கள் வீட்டை 192.168.73 மாதிரி யாரும் வைக்காத வரிசைக்கு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் பிரிண்டர், கேமரா என்று ஒவ்வொன்றாக அலைய வேண்டும்.

ஒரே சாவியை வீட்டில் எல்லார் போனிலும் போடாதீர்கள். ஒரு போன் தொலைந்தால் அதன் சாவியை மட்டும் நீக்க முடிய வேண்டும். ரவுட்டரில் பிபிடிபி என்ற பழைய வி.பி.என். வசதி இருக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். அதன் பாதுகாப்பு எப்போதோ உடைந்துவிட்டது. வி.பி.என். வரவில்லையே என்ற அவசரத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறப்பது இதைவிட ஆபத்து. தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்புறம் கரன்ட். போய் வந்தால் வயர்கார்ட் தானாக எழுந்திருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ராஸ்பெரி பையின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். தெருமுனை டீக்கடைக்குப் போய், வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் கேமராவைத் திறந்து பாருங்கள்.